ஞாயிற்றுக்கிழமை பேப்பர்

எங்கள் கராஜில் இரண்டு எடைகள் இருந்தன. இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் சிமெண்ட் நிரப்பிய காபி டப்பாக்கள். ஒன்றில் பெரிய டப்பாக்கள், மற்றதில் சின்னவை. அப்பா செய்தவை. அந்த ஈரச் சிமெண்ட் வாசனை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது.

அண்ணன் வெர்னனுக்குப் பள்ளியின் பளுதூக்கும் அணியில் சேர ஆசை. பனி உருகும் சமயத்தில் தேர்வு. எங்கள் பெரிய குழாய் அளவு எடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும்.

அதனால் தினமும் பெரியதையே தூக்கினான். கை நடுங்கும்வரை, மறுபடி மறுபடி. முதலில் தலைக்கு மேல் போன குழாய், பிறகு நெற்றியோடு நின்றது. அப்புறம் மார்பைத் தாண்டவில்லை. சாப்பிடும்போது பால் ஜாடியைத் தூக்கவே அவனுக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.

"இன்னும் நிறைய தூக்கணும் போல" என்றான் பாவம்.

நான் அப்போது எங்கள் தெருவில் பேப்பர் போடுவேன். ஒரு ஞாயிறு காலை, பையில் கொஞ்சம் பேப்பர் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் எடுத்தேன். வெர்னன் வாசலில் நின்று சிரித்தான்.

"புதன்கிழமை ஒரே நடையில முடிக்கிறே. இன்னைக்கு என்ன சோம்பேறித்தனம், மார்ஜி?"

"புதன்கிழமை பேப்பர் சப்பையா இருக்கும். எத்தனை வேணும்னாலும் தூக்கலாம். ஞாயித்துக்கிழமைது இணைப்பு எல்லாம் சேர்ந்து செங்கல் மாதிரி கனக்குது. மொத்தத்தையும் தூக்கினா நடுரோட்டுல உக்காந்துருவேன்."

சொன்னதுமே எனக்குக் கராஜில் கிடந்த பெரிய குழாய் நினைவுக்கு வந்தது.

"டேய் வெர்ன், நீ தினமும் ஞாயித்துக்கிழமை பேப்பரைப் புதன்கிழமை மாதிரி தூக்குறே."

அவன் சிரிப்பு அடங்கியது.

அன்றிலிருந்து கராஜுக்குள் எங்களுக்கென்று ஒரு நாள்காட்டி. 'ஞாயிறு' என்றால் பெரிய குழாய். சில தடவைதான், நடுவே நன்றாக உட்கார்ந்து ஓய்வு. 'புதன்' என்றால் சின்னது, நிறைய தடவை. இடையில் ஒரு நாள் குழாயைத் தொடவே கூடாது. அந்த நாட்களில் அவன் கராஜ் பக்கம் போகாமல் காவல் இருந்தது நான்தான். என்னைச் சிறைக்காவலாளி என்று திட்டுவான்.

தேர்வு நாளில் எடை அவன் தலைக்கு மேலே போய் அசையாமல் நின்றது. அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு எனக்கு முன்பே எழுந்து, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"மொத்தத்தையும் போடு. இப்ப நான் அணியில இருக்கேன், தெரியுமில்ல?"

நான் பாதியை மட்டும் போட்டேன். அதைப் போட்டு முடித்துவிட்டு, மீதிக்கு அவனே திரும்பி வந்தான்.