பூவம்மாள் கட்டிய கயிறு

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்துவிட்டு இராஜாங்கம் மாட்டுவண்டியில் வீடு வந்து சேர்ந்தபோது, குடியிருந்த மனை அவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் பட்டா வந்திருந்தது. பட்டா வந்து என்ன செய்ய? அந்த மண்ணில் காலூன்றி நிற்கத்தான் அவனுக்கு விதியில்லை.

தை அறுப்பில் மூண்ட கூலிச் சண்டை. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்க, வரப்பில் மறித்து நின்றவர்களில் இவன்தான் முதல் ஆள். பிடரியில் விழுந்தது ஒரே அடி. கழுத்துக்குக் கீழே அத்தனையும் ஊமையாகிவிட்டது.

வண்டி ஏற்றும்போது டாக்டர் அவன் மனைவி காத்தாயியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, கீழே எது இறுக்கினாலும், மூத்திரக் குழாய் மடங்கினாலும் இவருக்குத் தெரியாது. ஆனா உடம்பு சும்மா இருக்காது. ரத்தக் குழாயெல்லாம் சுருங்கி அழுத்தம் கிடுகிடுன்னு ஏறும். அழுத்தத்தைக் குறைன்னு மூளை போடுற கட்டளை கழுத்தைத் தாண்டி இறங்காது. தலை வெடிக்கும், மூஞ்சி வேர்க்கும், காலு புல்லரிக்கும், நெஞ்சு மட்டும் மெதுவா அடிக்கும். உடனே உக்கார வச்சு, இறுக்கினதை எடுத்துடணும். படுக்கப் போட்டா உசுருக்கு ஆபத்து."

"கீழ்மடையை அடைச்சா மேல்கரை உடைச்சுக்கும். அவ்வளவுதானுங்களே?" என்றாள் காத்தாயி. டாக்டர் சிரித்துவிட்டார்.

கெட்டிக்காரி. குறுவை நடவுக்குப் போனாலும் மத்தியானச் சோற்று நேரத்தில் சேற்றுக் காலோடு ஓடிவருவாள். அவனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, மூத்திரப் பாட்டிலுக்குப் போகும் குழாயை நீவிவிட்டு, மறுபடி ஓடுவாள். அப்படி ஓடிவந்த ஒரு மத்தியானம்தான் வரப்பில் பாம்பு கொத்தியது. வீடு வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு அவன் அக்காள் பூவம்மாள் வந்தாள். பாசக்காரிதான், ஆனால் டாக்டர் சொன்னதை எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. தலைவலி என்றால் குளிர்க்காய்ச்சல் என்று படுக்கப் போட்டுப் போர்த்துவாள். சம்பா நடவு தொடங்கியதும் விடியுமுன்னே போய் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள். தெருவே வயலில் இருந்தது. இராஜாங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு வார்த்தை பேச ஆளில்லை. ஐயோ, அந்தத் தனிமை எதிரிக்கும் வேண்டாம்!

ஒருநாள் உச்சிப் பொழுதில் அவனுக்குத் தலை வெடித்தது. கண் இருண்டது. வாசலில் ஈரச் சேற்றில் நடக்கும் சத்தம்.

சளக். சளக்.

கண் விழித்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குழாய் நேராக இருந்தது. வீடெல்லாம் நாற்றங்கால் வாசம்.

மூன்று நாள் இப்படியே நடந்தது. முதல் இரண்டு நாளும் பூவம்மாள் வருவதற்குள் அவன் பாயில் சரிந்துவிட்டிருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் பூவம்மாள் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சோற்றுச்சட்டியைத் தவறவிட்டாள்.

"யாருடா உக்கார வச்சது?"

"காத்தாயிதான்க்கா."

"செத்தவ வரலாமாடா? உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாடா!"

மத்தியானம் எப்போது வரும் என்று அவன் காத்துக் கிடப்பதை அக்காளிடம் எப்படிச் சொல்வான்?

மறுநாள் விடியலில் அவன் கண் திறந்தபோது பூவம்மாள் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்கிக் கட்டிட்டேன். இனிமே அவ அண்ட மாட்டா" என்றாள். நிலைப்படியில் எதையோ கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வெயில் ஏற ஏற, பிடரியில் வலி கிளம்பியது. நெற்றி வேர்த்துக் கண்ணில் இறங்கியது. மூக்கு அடைத்தது. நெஞ்சு ஒரு தடவை அடித்து, யோசித்து, மறுபடி அடித்தது.

சளக். சளக்.

சத்தம் வாசலோடு நின்றது.

"காத்தாயி... உள்ளே வா."

நிலைப்படியில் நிழல் விழுந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

"முடியலீங்க. கட்டியிருக்கு."

"எங்கே?"

"உங்க இடுப்புல."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் தூங்கும்போது அக்காள் இடுப்பில் தாயத்துக் கயிறு கட்டியிருக்கிறாள். பேய் புகாதபடி இறுக்கி, குழாயையும் சேர்த்து. உணர்ச்சி இல்லாத இடுப்புக்கு என்ன தெரியும்! மடை அடைபட்டுக் கிடக்கிறது. அவிழ்க்க அவனுக்குக் கையில்லை.

மண்டைக்குள் சம்மட்டி விழுந்தது. ஒரு கண் மங்கிப்போனது.

"வந்துடு..."

"அதைத் தொட்டா நான் திரும்பிப் போக முடியாதுங்க."

குரலில் பயம் இருந்தது. செத்தவளுக்கும் பயமா!

இராஜாங்கம் அழுதான். வலியால் மட்டும் அழவில்லை.

"போகாதே" என்றான்.

சளக். சளக். சளக்.

மயிர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. பட்டென்று எதுவோ அறுந்தது. பாட்டிலில் மூத்திரம் சீறி இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ அவன் தோளைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். கை ஜில்லென்று இருந்தது. வலி மெல்ல மெல்ல வடிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பூவம்மாள் வந்தாள். கயிறு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. தாயத்து கரியாகியிருந்தது. வாசலிலிருந்து பாய்வரை சேற்றுக் காலடிகள் ஈரம் காயாமல் பதிந்திருந்தன.

திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை.

குனிந்து தம்பியின் காலைத் தொட்டாள். மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது.

"தலை வலிக்குதாடா?"

"இல்லக்கா."

அவன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தாள். தைரியம் வந்து, அவன் பக்கத்தில் பாயில் உட்காரப் போனாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றான் இராஜாங்கம். "அங்க இடமில்லே."