அப்பாவின் இடுப்பு வார்

"இந்த லொறி கெளம்புமா, கெளம்பாதா?"

எஞ்சின் மூடிக்குள் தலையை நுழைத்திருந்த டிரைவர் நிமிரவில்லை.

"கெளம்பும்."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க."

"அப்பவும் கெளம்பும்னுதான் நெனச்சேன்."

ரீத்தாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மேட்டிலிருந்து பார்த்தால், மழைத்திரைக்கு அப்பால் கப்பல் சாம்பல் நிறத்தில் நிற்பது தெரிந்தது. இந்தக் கட்சால் தீவுக்கு அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. இதை விட்டால்...

லாரியின் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே அம்மா படுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் கயிறு கட்டி இழுப்பது போல் வந்தது. போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இலங்கைத் தேயிலை மலையில் அப்பாவைப் புதைத்துவிட்டு, இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள் அம்மாவும் ரீத்தாவும் மட்டும்தான்.

டிரைவர் நிமிர்ந்தான். புருவத்தில் மழைத்துளிகள். அதட்டத் தெரியாத, களைத்த கண்கள்... அந்தக் கண்களைப் பார்த்ததும் சொல்ல வந்த கடுஞ்சொல் அவளுக்கு மறந்து போயிற்று.

"பேட்டரி செத்துட்டு. உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணணும். இந்த ஒரு எறக்கம்தான் இருக்கு. கீழ முழுக்கச் சேறு. அங்க நின்னா நின்னதுதான்."

"ஒங்க பேரு என்ன?"

"வியாகுலம்."

"பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க."

"வியாகுல மாதா திருநாளுக்குப் பொறந்தேன். என் தப்பு இல்ல."

பல நாட்களுக்குப் பிறகு அவள் உதடு லேசாக அசைந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

அவன் எஞ்சினில் ஒரு திருகைத் தளர்த்தி, சிறிய கைப்பம்பை அடித்தான். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது.

"பாருங்க, டீசலோட காத்தும் வருது. காத்து கலந்தா எஞ்சின் பிடிக்காது. ராத்திரி நிப்பாட்டி வச்சா காலைல இதே கததான். எங்கேர்ந்து நுழையுதுன்னு ஒரு மாசமா பிடிபடல."

அவள் குனிந்து பார்த்தாள். குழாய் சேரும் இடத்தில் ஏதோ கறுப்பாகப் பிதுங்கியிருந்தது. விரலால் தொட்டாள். பாகு போல் ஒட்டியது. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகையூட்டும் அவளுக்கு அந்தப் பிசுக்கு தெரியும்.

"உள்ள ரப்பரா வச்சிருக்கீங்க?"

"வாஷர். நானே வெட்டிப் போட்டது. அதுல ஒரு கொறையும் இல்ல."

"மண்ணெண்ண பட்டாலே ரப்பர் ஊதி எளகிப் போயிரும். பொகைக்கூடத்துல வெளக்கக்கூடக் கிட்ட விடமாட்டோம். டீசலுக்கு மட்டும் தாங்குமா?"

"ஏழு வருசமா வண்டி ஓட்டுறேன்மா. எனக்குத் தெரியாதா?"

அவன் விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்தான். கை பிரேக்கை விடுவிக்கப் போனது. அதற்குள் ரீத்தா ஓடிவந்து லாரியின் முன்னால் நின்றுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அந்த ஒரே இறக்கம்.

"கழட்டிப் பாருங்க. பாத்துட்டு உருட்டுங்க."

"வெலகுங்க... ப்ரேக் நம்பற மாதிரி இல்ல."

"எங்கம்மாவுக்கு இருக்கறது இந்த ஒரு தடவதான்."

அவன் மெதுவாக இறங்கினான். கழற்றினான். வட்டத் துண்டுகள் இரண்டும் உருகிக் குழைந்து வந்தன. ஓரத்தில் மட்டும் புகையூட்டிய ஷீட்டின் வரிகள் இன்னும் அழியாமல் இருந்தன.

ரீத்தா அவற்றையே பார்த்தாள்.

"இது எங்க ஷீட்டு... ரெண்டு ஓட்ட போட்ட ஷீட்டு. அதுக்காகக் கங்காணி பெரட்டுல எல்லார் முன்னாலயும் என்னையத் திருடின்னாரு. வேலைக்கு ஆள் கூடுற எடத்துல, அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல... அது நீங்களா?"

அவன் முகம் வெளுத்தது.

"செம்பு வாஷர் வெடிச்சுட்டு. ஸ்டோர்லயும் இல்ல. லோடுல கெடந்த ஷீட்டுதானன்னு... ஒரு பொண்ணு பேச்சு வாங்குவான்னு நெனைக்கல."

"இப்ப நெனச்சு என்ன ஆகப்போகுது?"

தார்ப்பாய்க்கு உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏ புள்ள... சண்ட போடாத. அந்தத் தம்பிக்கு என்ன வேணும்னு கேளு."

அவன் தயங்கினான். "தோல் இருந்தாப் போதும்மா. தோல் டீசலுக்குத் தாங்கும்."

மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா சொன்னாள். "படுக்கைச் சுருள அப்பா வாருலதான கட்டியிருக்கு... அதுல வெட்டு."

"அம்மா, அது அப்பாவோட..."

"அவரு இருந்தா அவரே குடுத்திருப்பாரு."

அப்பாவின் இடுப்பு வார். அவர் விட்டுப்போனதில் அவர்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். கத்தி இறங்கியபோது ரீத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நுனியிலிருந்து, வேண்டிய அளவுக்கு மேல் ஒரு இழைகூட எடுக்காமல், இரண்டு வட்டங்கள் வெட்டினான். எண்ணெயில் தோய்த்து, பொருத்தி, முறுக்கினான். மறுபடி பம்பை அடித்தான். நுரை... பிறகு குமிழி... பிறகு குமிழியே இல்லாமல் தெளிந்த டீசல்.

லாரி உருண்டது. பாதி இறக்கம்... சத்தமில்லை. முக்கால்... "மாதாவே" என்று இருவரும் ஒரே சமயத்தில் முணுமுணுத்தார்கள். கிளட்சை விட்டான். வண்டி குலுங்கியது. சேறு தொடங்கும் இடத்தில் எஞ்சின் இருமி, கரும்புகை கக்கி, உறுமியது.

துறையில், கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகுக்காரன், "ஜல்தி கரோ, ஜல்தி," என்று இந்தியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். வியாகுலம் அம்மாவைக் கைகளில் ஏந்திக்கொண்டுபோய்ப் படகில் கிடத்தினான்.

"கங்காணிகிட்ட நான் சொல்லிடுறேன்," என்றான்.

"சொன்னாத் தெரியும்," என்றாள் ரீத்தா, திரும்பிப் பார்க்காமல்.

படகு நகர்ந்த பிறகுதான் திரும்பினாள். அவன் மழையில் அப்படியே நின்றிருந்தான்.

அடுத்த கப்பல் வந்த நாளிலும் மழைதான். படகிலிருந்து ரீத்தா தனியாக இறங்கினாள். கையில் ஒரே ஒரு படுக்கைச் சுருள். அதைச் சுற்றி, நுனி வெட்டுப்பட்ட வார்.

துறையில் அதே லாரி. வியாகுலம் அவளைப் பார்த்தான், சுருளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் காலியாய்க் கிடந்த படகைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டான்.

"போர்ட் பிளேயர்லயே அடக்கம் பண்ணிட்டோம்," என்றாள். "அம்மா கடைசி வரைக்கும் கேட்டுச்சு... அந்தத் தம்பி லொறி ஓடுதான்னு."

"ஓடுது."

துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னான். "பெரட்டுல, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். ஷீட்ட வெட்டுனது நான்தான்னு. கொஞ்ச நாளு வண்டிய விட்டு எறக்கிட்டாங்க. மூட்ட சொமந்தேன்."

அவள் நிமிர்ந்தாள். அதே களைத்த கண்கள்... ஆனால் இப்போது அவை அவளுக்கு அந்நியமாக இல்லை.

"அப்பா வாரு... இன்னும் உள்ளதான் இருக்கா?"

"இல்ல. செம்பு வாஷர் வந்துட்டு." கழுத்துச் செபமாலையை வெளியே எடுத்தான். சிலுவையின் பக்கத்தில், டீசலில் கறுத்த இரண்டு தோல் வளையங்கள். "ஒங்க அப்பா பொருளு. திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்."

"அதுக்கு மட்டுந்தானா?"

மழை தகரக் கொட்டகையில் இரைந்தது.

"இல்ல," என்றான். "வண்டி முன்னால வந்து நின்னீங்கள்ல... அன்னைலேர்ந்து ஒங்க நெனப்புதான். இந்தத் துக்கத்துல சொல்லக் கூடாது. ஆனா நீங்க லயத்து வீட்டுக்குப் போயி ஒத்தயில கதவத் தொறப்பீங்கன்னு நெனச்சா... சொல்லாம இருக்க முடியல ரீத்தா. ஒங்களுக்கு நான் இருக்கேன்."

அவள் வளையங்களை வாங்கினாள். ஒன்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மற்றதை அவன் கையில் வைத்தாள்.

"ஒண்ணு ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

லாரி முதல் தொடுதலிலேயே கிளம்பியது. அம்மா போன நாளிலிருந்து வராத அழுகை, அந்த எஞ்சின் சத்தத்துக்குள் ரீத்தாவுக்கு வந்தது. வியாகுலம் வண்டியை நகர்த்தவில்லை. அவள் அழுது முடியட்டும் என்று, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தான்.