மாஸ்டர் காலி செய்த வீடு

மாஸ்டர் கைதட்டினார். சத்தம் திரும்பி வரவில்லை.

வாரத்துக்கு மூன்று வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் செல்போனைப் பார்த்து ஓங்கி ஒரு தட்டு. படத்தையும் குரலையும் பிறகு ஒட்டவைக்க அது வேண்டும் என்று, வகுப்பு வீடியோக்களைச் சீர்செய்து கொடுக்கும் எடிட்டர் சொல்லிக் கொடுத்திருந்தான். அந்தத் தட்டு வெள்ளைச் சுவர்களில் மோதி, ஹாலைக் கடந்து, இரண்டு அறைகளுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு, வேலை எதுவும் இல்லாத ஆள் போல நிதானமாகத் திரும்பி வரும். அதைக் கேட்கும்போது மாஸ்டருக்கு மார்பு ஒரு அங்குலம் விரியும். இப்படிக் காலியான வீடு வேறு எவனுக்கு வாய்த்திருக்கிறது? ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் தட்டிய தட்டு, தட்டிய இடத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டது.

சாயங்காலம் எடிட்டர் போன் செய்தான்.

"மாஸ்டர், ஒருவழியா மெத்தை கித்தை வாங்கிப் போட்டுட்டீங்க போல! இவ்வளவு நாளா கிணத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. இன்னிக்குச் சத்தம் சும்மா கும்முனு இருக்கு."

"என் வீட்ல ஒண்ணும் கிடையாது."

"வீடு நெறைய சாமான் இருந்தாத்தான் மாஸ்டர் இப்படி வரும். விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மடையன் சிரித்தான். மாஸ்டர் போனை வைத்தார்.

மாஸ்டர் என்றால் எதில் மாஸ்டர் என்று கேட்பீர்கள். தூக்கிப் போடுவதில். குறைத்து வாழ்வது எப்படி என்று போன் வழியாக நாற்பத்திரண்டு பேருக்கு வகுப்பெடுக்கிறார். அவர் வீட்டில் இருப்பது ஒரு ஸ்டூல், இரண்டு தட்டு, மூன்று வெள்ளைச் சட்டை, ஒரு பாய், செல்போனை நிறுத்த ஒரு ஸ்டாண்ட். மற்ற மனிதர்கள் அனைவரும் அவருக்கு மூட்டைக்காரர்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு செருப்பு கூடுதலாகக் கிடந்தால்கூட மூக்கைச் சுளித்துக்கொண்டு தாண்டுவார். அவருடைய முறை மிக எளிது. பொருளைக் கையில் எடு. மூன்று எண்ணு. அதற்குள் அது ஏன் வேண்டும் என்று சொல். சொல்ல வரவில்லையா, சாக்கில் போடு. வகுப்பில் ஒரு அம்மாள் இறந்துபோன கணவருடைய ஷூக்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். "மூணு செகண்ட் முடிஞ்சுதும்மா" என்றார் மாஸ்டர். நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள்.

இப்படிப்பட்ட மேதாவிக்கு வாய்த்த மனைவி ஒரு தையல்காரி. மெஷின், ஊசிகள், பொத்தான் டப்பாக்கள், பழுப்புக் காகிதத்தில் வெட்டி வைத்த அளவுகள், மூன்று மூட்டைத் துண்டுத் துணி. எட்டு வயது மகளுக்கு ஒரு அட்டைப் பெட்டி நிறைய பாட்டில் மூடிகள். தாயும் மகளும் இரண்டு நாள் வெளியூர் போயிருந்த நேரத்தில் மாஸ்டர் அனைத்தையும் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டார். வந்து பார்த்தால் பூரித்துப்போவார்கள் என்று நிஜமாகவே நம்பினார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அது நடந்து மூன்று மாதம் ஆகிறது.

முந்தின நாள், புதன்கிழமைதான் போனில் பேசினாள். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். எங்க ரெண்டு பேருக்கும் அங்க இடம் இருக்கான்னு பாக்கறேன். இல்லன்னா அதோட சரி. அப்புறம் வர மாட்டேன்."

அதற்கப்புறம் மாஸ்டர் சரியாகத் தூங்கவில்லை. ஊருக்கெல்லாம் பற்றை விடச் சொன்ன மனுஷன் மகளின் ஒற்றை ரப்பர் பேண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். 'மன்னிச்சுக்கோ' என்ற ஒரு வார்த்தையைக் குளியலறையில் நின்று பலமுறை சொல்லிப் பழகினார். பழக்கமில்லாத வார்த்தை, பல்லில் ஒட்டியது. ஆனாலும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். இடத்துக்கா பஞ்சம்? வீடு முழுக்க இடம்தானே.

வெள்ளிக்கிழமை வாசனை வந்தது. முதலில் மெஷின் எண்ணெய். பிறகு கஞ்சி போட்டு வெயிலில் காய்ந்த துணி, அந்துருண்டை, பழைய செய்தித்தாள், அதற்கும் அடியில் பல வருஷம் திறக்காத பெட்டியின் புழுங்கல். ஜன்னல்களைத் திறந்து வைத்தார். தரையை இரண்டு முறை கழுவினார். கழுவக் கழுவ வாசனை ஈரத்தில் ஊறிக் கனத்ததே தவிரப் போகவில்லை. கீழ் வீட்டு மூட்டைக்காரர்கள் எதையோ கிளறுகிறார்கள் என்று அவர்களைத் திட்டிவிட்டுப் படுத்தார். படுத்த இடத்தில் வலது கையை நீட்ட முடியவில்லை. எதன் மேலோ இடித்தது. தூக்கக் கலக்கம் என்று கையை மடக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் குடிக்கப் போனபோது இடுப்பில் மேசை முனை இடித்தது. உயிர் போகிற வலி. குனிந்து பார்த்தார். மேசை இல்லை. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், நடுவில் காலை வெளிச்சம் மட்டும் பளபளவென்று கிடந்தது. சட்டையைத் தூக்கினால் இடுப்பெலும்பின் மேல் ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தது. நகர்ந்து ஒரு அடி வைத்தார். உள்ளங்காலில் குண்டூசி ஏறியது. ரத்தம் ஒரு சொட்டு வந்தது. ஊசி கண்ணில் படவில்லை.

மத்தியானத்துக்குள் மாஸ்டர் தன் வீட்டில் ஒருக்களித்து நடக்கப் பழகிவிட்டார். இங்கே வயிற்றை எக்க வேண்டும், அங்கே காலைத் தூக்கி வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கோமாளிக் கூத்து. யாரிடம் சொல்வது? நாற்பத்திரண்டு பேரிடமா? எடிட்டரிடமா? 'என் காலி வீட்டில் நடக்க வழியில்லை' என்று சொல்லி ஊர் சிரிப்பாய்ச் சிரிப்பதைவிட இடித்துக்கொண்டே இருப்பது மேல் என்று நினைத்தார். கௌரவம் என்பது அந்த மனுஷனுக்கு முதுகெலும்பு மாதிரி. வேறு எலும்பு இருந்ததாகத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் குளியலறை வாசலில் காலில் தோல் தட்டுப்பட்டது. உட்கார்ந்து தடவினார். ஆண்களுடைய ஷூ. ஒரு ஜோடி. கயிறு இரட்டை முடிச்சாகப் போடப்பட்டிருந்தது. மனைவி, மகள் சாமானில் அப்படி ஒன்று இருந்ததில்லை, அவருடையதும் இல்லை. கையை உள்ளே விட்டார். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த சூடு.

அப்போதுதான் வகுப்பில் அந்த அம்மாள் பிடித்திருந்த ஷூக்கள் நினைவுக்கு வந்தன. இந்த வீட்டுச் சாமான் மட்டும் திரும்பவில்லை. இரண்டு வருஷமாக அவர் சொல்லிச் சொல்லி நாற்பத்திரண்டு வீடுகளில் கட்டிய சாக்குகள், நாலாயிரம் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வாரே, அவை வந்துகொண்டிருந்தன. இரவெல்லாம் கேட்டார். தொப். கொஞ்ச நேரம் கழித்து, தொப். யாரோ மிகவும் பொறுப்பாக, ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஓடிப்போயிருக்கலாம். வாசலுக்கு ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற வழி இன்னும் இருந்தது. ஆனால் நாலு மணிக்கு மகள் வருகிறாள். மூன்று மணிக்கு அவளுடைய அறையைத் திறந்தார். வெறும் அறை, வெயில் விழுந்து வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைத்தது. உள்ளே கால் வைத்தார். வைக்க முடியவில்லை. சுவரிலிருந்து சுவர்வரை, தரையிலிருந்து தலைக்கு மேல்வரை, துணி மூட்டைகள் கையில் அமுங்கின. இண்டு இடுக்கு இல்லை.

பாப்பா எங்கே படுப்பாள்?

இந்த ஒரு நினைப்பில்தான் மாஸ்டர் அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக மனுஷனாக நடுங்கினார். அதோடு விட்டிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு, வாசலில் போய் நின்று, வருகிறவளிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கை பழகின வேலையைத்தானே செய்யும்? காலி செய்யப் புறப்பட்டார். மேலே எட்டவில்லை. குனிந்தார். அடியில் ஒரு மூட்டையின் காது கையில் சிக்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

அது வந்தது.

தலைக்கு மேலே எதுவோ பெருமூச்சு விட்டது. பிறகு மொத்தமும் சரிந்தது. தகரம் உருண்டது, கண்ணாடி உடைந்தது, மரம் முறிந்தது. கண்ணுக்கு ஒரு தூசிகூடத் தெரியவில்லை. பின்வாங்கினார். அது துரத்தியது. ஹாலுக்கு ஓடினார். ஹாலில் இருந்தவையும் சரிந்தன. நடு ஹாலில், வாசலைப் பார்த்தபடி, மாட்டிக்கொண்டார்.

இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கை மார்பின் குறுக்கே. தாடைக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியின் விளிம்பு ஏறி முகத்தை மேலே தூக்கிவிட்டது. ஒரு மூட்டை கன்னத்தில் அழுந்தி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்தது. மூச்சு பாதிதான் வந்தது. ஸ்டாண்டில் செல்போன் நாலு எட்டில் நின்றது. அதுவும் வேறு நாடும் ஒன்றுதான்.

சாவி திரும்பும் சத்தம்.

கதவு திறந்தது. அவர்களுக்கு எதுவும் இடிக்கவில்லை. மகள் துள்ளிக்கொண்டு இரண்டடி உள்ளே வந்தாள். "அப்பா, நான் வந்துட்டேன்!" அவளுடைய குரல் அவருக்குப் பத்து மெத்தைக்கு அப்பாலிருந்து கேட்டது. வாயைத் திறக்கப் பார்த்தார். டிரங்குப் பெட்டி விடவில்லை.

"அப்பா?"

மகள் நின்றுவிட்டாள். அவள் பார்த்தது என்ன? வெள்ளை வெளேர் என்ற ஹால். நடுவில் அப்பா. ஒரு கையைப் பின்னால் கட்டி, ஒரு கையை மார்பில் வைத்து, மோவாயை உயர்த்தி, உதட்டைக் கோணி, மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு. எப்போதும் நிற்பது போலவே. வருஷக்கணக்காகப் பாட்டில் மூடியையும் துண்டுத் துணியையும் பார்க்கும்போது வைத்துக்கொண்ட அதே முகம்.

"அப்பா ஏம்மா மேல பாக்கறாரு?"

மனைவி அறைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இடம் நெறையத்தான் இருக்குங்க. வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

மன்னிச்சுக்கோ.

தொண்டையில் இருந்தது. தொண்டையிலேயே இருந்தது. கண்ணைத் தாழ்த்தப் பார்த்தார். முடியவில்லை. கண்ணீர் வந்தது, காதுப் பக்கமாக வழிந்து மறைந்துவிட்டது.

அவள் காத்திருந்தாள். நிறைய நேரம் காத்திருந்தாள்.

"நம்மளக் குனிஞ்சு பாக்கக்கூடப் பிடிக்கல பாப்பா அவருக்கு. வா."

சாவியைத் தரையில் வைத்தாள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு மூடியது. படியில் செருப்புச் சத்தம். பெரியது. சின்னது. அப்புறம் இல்லை.

பின்னால் பால்கனியிலிருந்து வெயில் சாய்வாக வந்தது. மூடிய வெள்ளைக் கதவின் மேல் அவருடைய நிழல். அது மட்டும்தான். வேறு எதற்கும் நிழல் இல்லை.

தொப்.

காலுக்கு அடியில் எதுவோ நுழைந்தது. பொறுமையாக. குதிகால் எழும்பியது. பிறகு விரல் நுனி. பிறகு தரை இல்லை.

தொப்.

நிழலின் தலை கதவுச் சட்டத்தைத் தொட்டது. தாண்டியது.

தொப்.

மூக்கு நுனியில் மேல்தளத்தின் சுண்ணாம்பு சில்லென்று பட்டது. இனி ஏற இடமில்லை.

அடியில் இன்னொன்றைத் தள்ளினார்கள்.