தீட்டு வீட்டுக்குக் காய்ச்சல் வரவில்லை

"எம் பொண்டாட்டியப் புளியமரத்துல கட்டி வச்சிருக்காங்க சாமி. பொழுது சாயறதுக்குள்ள கைய வெட்டிப்போடுவாங்களாம்!"

1938. பாப்பிரெட்டிப்பட்டி சுகாதார முகாமுக்கு ஓடிவந்த காளியன் சித்தேரி மலைக்காரன். அவன் மனைவி சாலம்மாள் தேன் விற்க அடிவாரத்து ஊருக்கு இறங்குவாள். அங்கே விஷக்காய்ச்சல் பரவிச் சிலர் செத்துப்போக, அவள் கிணற்றில் கை நனைத்ததுதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊர் கூடினால் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருவது வழக்கம்தானே.

சுகாதார இன்ஸ்பெக்டர் சவுரியப்பன், அம்மை குத்தும் மாயவனோடு உடனே கிளம்பினார்.

ஊரில் ஒருவரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. பேரனைப் பறிகொடுத்த மணியக்காரர் பெரியண்ணன் அரிவாளோடு நின்றார். "மருந்து போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க. சீக்கு வச்ச கை யாரோடதா இருந்தாலும் வெட்டுவேன். மாரியம்மன் மேல ஆணை!"

"கெணத்துக்கு மருந்து போட்டுடலாமுங்களா?" என்று மாயவன் பரபரத்தான்.

"முதல்ல வீடுகளைப் பார்ப்போம்."

சேரியிலும் காய்ச்சல் இருந்தது. "ஊர்க் கெணத்துப் பக்கம் எங்கள விடமாட்டாங்க. ஓடைத் தண்ணிதாங்க. மாரியம்மன் நோம்பிக்கு மணியக்காரர் வூட்டு மாவிளக்கு மட்டும் ஊருக்கெல்லாம் குடுப்பாங்க, எங்களுக்கும் வரும்" என்றார் ஒரு பெரியவர். கிணற்றை ஒட்டிய சென்றாயன் வீட்டிலோ ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. "வயசாகி அப்பன் செத்த தீட்டுங்க. நோம்பிக்கே போவல" என்றான் அவன்.

திரும்பி வந்தபோது மணியக்காரர் மனைவி காசியம்மாள் சாலம்மாளை ஏசிக்கொண்டிருந்தாள். முந்தானை நழுவிய தலையில் முடி கழுத்தைக்கூடத் தொடவில்லை. "போன வருஷம் இதே காய்ச்சல்ல கெடந்த என்னையே தீர்த்தமலையான் பொழைக்க வச்சான், முடி குடுத்தேன். இந்தச் சிறுக்கி வராம இருந்தா எம் பேரனும் பொழைச்சிருப்பான்!"

சவுரியப்பன் எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்தார்.

"கிணத்துல கோளாறுன்னா அதே தண்ணி குடிக்கிற தீட்டு வீட்டுக்கு ஏன் காய்ச்சல் வரல? அந்தக் கிணத்தைத் தொடாத சேரிக்கு எப்படி வந்துச்சு? ஊருக்கும் சேரிக்கும் பொதுவாப் போனது மாவிளக்கு ஒண்ணுதான். பச்சை மாவும் வெல்லமும் கையால பிசைஞ்சது, அடுப்பையே பார்க்காதது. தீட்டு வீடு அதைத் தொடல."

"அதுல யாருங்க விஷம் கலந்தது?" என்றான் மாயவன்.

"யாரும் கலக்கல. இந்தக் காய்ச்சல்ல பொழைச்ச சிலர் உடம்புல கிருமி தங்கிடும். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. கை சரியாக் கழுவலேன்னா, அவங்க பிசையற மாவுல இறங்கிடும். காசியம்மா, போன வருஷம் இதே காய்ச்சல்ல பொழைச்சவங்க நீங்க. சேலத்துல பரிசோதனை பண்ணினா உறுதியாத் தெரியும்."

"பொய்!" மணியக்காரர் அரிவாளைச் சவுரியப்பன் மேலேயே ஓங்கினார்.

காசியம்மாள் குறுக்கே வந்தாள். "நான்தானுங்க பிசைஞ்சேன். பேரனுக்கு மொத உருண்டைய இந்தக் கையாலதான் ஊட்டினேன்." வலது கையைக் கணவன் முன்னால் நீட்டினாள். "அம்மன் மேல ஆணை போட்டீங்களே. வெட்டுங்க."

அரிவாள் நழுவித் தரையில் விழுந்தது. காளியன் அதை எடுத்து மனைவியின் கட்டை அறுத்தான்.

சாலம்மாள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "இனி இந்த ஊருக்கு எங்க தேன் எறங்காது" என்று காறித் துப்பிவிட்டு மலைப்பாதையில் நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது.

கை நீட்டியபடியே நின்ற காசியம்மாளிடமிருந்தும் எல்லோரும் விலகி நின்றார்கள்.