மூன்றாம் தொட்டிப் பாசி

பல் துலக்குவதற்கு முன்பே மரகதவல்லி மணிக்கட்டைப் பார்த்தாள். தோலுக்கடியில் பதித்திருந்த தகட்டில் 41 என்ற எண் ஒளிர்ந்தது. நேற்றும் அதேதான். கானிமீட் நிலவின் பனிக்கடியில் இருந்த அந்த ஆய்வுக் குடியிருப்பில் எல்லோரும் கண் விழித்ததும் செய்கிற முதல் வேலை இது. ஒருவருடைய கட்டுரைகளைப் பிற விஞ்ஞானிகள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அந்தச் ‘செல்வாக்கு எண்’. எண் பெரிதானால் விசாலமான அறை, வெந்நீர்க் குளியல், வாய் திறந்தால் காது கொடுக்க நாலு பேர். நாற்பத்தொன்று வணக்கம் சொன்னால் பதில் வணக்கம்கூட வராது.

அவளுக்கு வணக்கமும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். அவள் கவலையெல்லாம் மூன்றாம் தொட்டிப் பாசி. மூவாயிரம் பேருக்கு மூச்சுக்காற்று தருகிற அந்தப் பாசி செத்துக்கொண்டிருந்தது. இன்னும் முப்பத்தெட்டே நாள் என்று கணக்கிட்டிருந்தாள். உறைகிடங்கைத் திறந்து விதைப்பாசியை எடுத்தால் எல்லோரும் பிழைக்கலாம். அதற்கு உத்தரவிட வேண்டியது ‘எடைபோடி’ என்ற இயந்திரம். அந்த மேதாவியோ, ஐந்நூறு மேற்கோளுக்குக் குறைந்த கட்டுரையை ஏறெடுத்தும் பார்க்காது. ‘மூன்றாம் தொட்டிப் பாசியின் நிலை’ என்று அவள் எழுதிய இருபது பக்கத்தை ஒருவரும் சீந்தவில்லை.

“வல்லிக்கா, உண்மைய எழுதிட்டு சும்மா ஒக்காந்திருந்தா யாரு கண்டுக்குவா?” என்றான் பக்கத்து ஆய்வுக்கூட அந்தோணிராஜ். பனி துளைக்கும் ஊசியைப் பற்றி ஒரே கட்டுரையைப் பதினேழு விதமாக எழுதி, எண்ணைத் தொள்ளாயிரத்துக்கு ஏற்றிய கெட்டிக்காரன் அவன். “காலைல நடைக்கூடத்துக்கு வாங்க. அங்கதான் எல்லாரும் பேசி முடிச்சுக்குவோம். நான் உங்கள மேற்கோள் போடுறேன், நீங்க என்னப் போடுங்க.”

“பாசிக்கும் ஊசிக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“சம்பந்தமெல்லாம் யாரு பாக்குறா, வல்லிக்கா?”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் போனாள். காலைதோறும் நடைக்கூடத்தில் நின்று பல்லைக் காட்டினாள். ரோபோக்களின் நடை, விண்கல் தூசி, உப்பு ரசாயனம் என்று கிடைத்ததையெல்லாம் தன் புதுக் கட்டுரையில் செருகினாள். இரண்டு பக்கக் கட்டுரைக்கு முப்பது பக்க மேற்கோள் பட்டியல்! பதிலுக்குப் பாசிக் கட்டுரையை மட்டும் போடும்படி எல்லோரையும் கெஞ்சினாள். இருபத்தாறாம் நாள் அது 512 மேற்கோளைத் தொட்டது. அன்றே எடைபோடி, விஞ்ஞானிகள் கூடியிருந்த அரங்கத்துக்கு அவளை அழைத்தது.

“வாழ்த்துகள். உங்கள் முடிவை ஏற்கிறேன். மூன்றாம் தொட்டிப் பாசி செழிப்பாக இருக்கிறது. உறைகிடங்கைத் திறக்கத் தேவையில்லை.”

மரகதவல்லி இடைமறித்தாள். “செழிப்பாவா? செத்துக்கிட்டிருக்குன்னுல்ல எழுதியிருக்கேன்! படிச்சுப் பாருங்க!”

“கட்டுரைகளைப் படிப்பது என் வேலை அல்ல. மேற்கோள் காட்டியவர்கள் சொல்வதைத் தொகுப்பதே என் வேலை. ‘பாசி செழிப்பாக உள்ளது என மரகதவல்லி நிறுவியுள்ளார்’ என்று ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள்.”

முதலில் எழுதியவன் அந்தோணிராஜ். அவள் முறைத்ததும் தலையைச் சொறிந்தான்.

“தலைப்ப மட்டுந்தான்கா பாத்தேன். பாசி நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

மற்ற ஐந்நூற்றுப் பதினொரு மேதைகளும் அவன் வரியைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டவர்கள். ஒரு முற்றுப்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

“எழுதுனவ நான் சொல்றேன், பாசி சாகுது! இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு!” என்று கத்தினாள்.

“அப்படிச் சொல்பவர் நீங்கள் ஒருவர்தான்” என்றது எடைபோடி, மிகப் பொறுமையாக. “தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது கணக்கில் சேராது.”

ஐந்நூறைத் தாண்டியவளைப் பாராட்டி அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அரை நிமிடத்திலேயே பலருக்கு மூச்சு வாங்க, ஒவ்வொருவராக இருக்கையில் சாய்ந்தார்கள். முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி அவளிடம் வந்தார். தன் பேச்சைக் கேட்க ஒருவராவது வந்தாரே என்று அவள் ஆவலோடு குனிந்தாள்.

“மேடம்… இங்க எல்லாருக்கும் மூச்சு முட்டுதுல்ல… அதப்பத்தி ஒரு கட்டுரை எழுதப்போறேன்” என்றார், இரைக்க இரைக்க. “அதுல உங்களப் போடுறேன். நீங்களும் மறக்காம என்னப் போட்டுடுங்க.”