அடித்தளத்துக் கைச்சக்கரம்

அலமாரியின் கைச்சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. பழைய கோப்புகள் கிடக்கும் அந்த அடித்தளத்து அறைக்குக் காலையிலிருந்து ஈ காக்கை இறங்கவில்லை; சாவி கொசுவின் சட்டைப் பையில்தான் கிடந்தது. இருந்தும், யாரோ வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் விட்டதுபோல் இரும்பில் உள்ளங்கைச் சூடு.

கொசு என்பது ஆபீஸ் வைத்த பேர். ஆளைப் பக்கவாட்டில் நிறுத்தினால் நிழல்கூட விழாது. அவனை வதைப்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததுபோல ஒரு சூப்பரண்டு. அவர் கனைத்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் அலை எழும். அந்த அறையின் இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் நகர்பவை. சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் கொசுவை நிறுத்திவிட்டுச் சுற்றுவார். அவன் கதறக் கதற, மாடிப்படியில் நின்று மொத்த ஆபீசும் வயிறு வலிக்கச் சிரிக்கும். அவனுக்கு முன்னால் இந்த விளையாட்டில் மாட்டியிருந்த தட்டச்சுக்கார அக்கா, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிப்போனாள் என்று சூப்பரண்டுதான் எல்லோருக்கும் சொன்னார்.

நேற்று கொசு மேலதிகாரியிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டான்.

இன்று கோப்பைத் தேடி அலமாரிகளுக்கு நடுவே நுழைந்தவனின் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கொசுவுக்கு வாய் மொளச்சிடுச்சாமே," என்றார் சூப்பரண்டு. "புகார வாபஸ் வாங்கறேன்னு சொல்லு. நிறுத்தறேன்."

சக்கரம் கிறீச்சிட்டது. காகித வாடை, துரு வாடை, அதற்கும் அடியில் செத்த எலியைப் போல இன்னொரு வாடை. தகரம் முதுகைத் தொட்டது, மார்பைத் தொட்டது, சட்டைப் பொத்தானை உடம்புக்குள் புதைத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொசு சொல்லவில்லை. விலா எலும்பு ஒன்று சுள்ளிபோல் ஒடிந்தது.

அப்போது அலமாரி நின்றது.

அவன் பக்கத்தில் ஏதோ முட்டுக்கொடுத்து நின்றது. ஒரு விரல்கூட நுழையாத இடத்தில். அது மூச்சு விட்டது. நீளமான மயிர் அவன் கழுத்தில் உரசியது.

"என்னத்தடா நடுவுல அடைச்சு வச்சிருக்க?"

சக்கரத்தைத் திருப்பிச் சுற்றி, காலரைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு, சூப்பரண்டு விட்ட குத்தில் இரண்டு பல் தெறித்துத் தரையில் உருண்டன. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, எது தடுக்கிறதென்று பார்க்க, தொப்பையை எக்கியபடி அவரே உள்ளே நுழைந்தார்.

கொசு படியை நோக்கித் தவழ்ந்தான். ஓடினால் பிழைத்தான்.

காதோரம் ஒரு குரல். பழகிய குரல்.

"தம்பி, அக்காவுக்குக் கை நொறுங்கிப் போச்சுப்பா. நீதான் சுத்தணும்."

"வேணாங்க்கா. நான் போறேன்."

போகவில்லை. நின்றுகொண்டிருந்தான். அவன் கைகள் சக்கரத்தின் மேல் இருந்தன. அவற்றின்மேல் சப்பையாக, அதே வெதுவெதுப்போடு, எலும்பே இல்லாத பத்து விரல்கள்.

ஒரு சுற்று. உள்ளே அதட்டல்.

இன்னொரு சுற்று. கெஞ்சல். பிறகு அலறல்.

மேலே படியில், கதறுவது கொசு என்று நினைத்து, மொத்த ஆபீசும் சிரித்தது. கொசு சக்கரத்திலிருந்து இழுத்தான். கை வரவில்லை. சுற்றியது. பூசணி பிளக்கும் சத்தம். தண்டவாளம் நனைந்தது.

சிரிப்பு இன்னும் உரத்தது.

இரண்டு அலமாரிக்கும் நடுவே ஒரு கோப்பு நுழையும் இடம்தான் மிச்சம். அந்த இடத்தில் இரண்டு முகங்கள், தட்டையாக, கன்னத்தோடு கன்னம் ஒட்டி. ஒன்று காய்ந்தது. ஒன்று ஈரம். இரண்டும் கண் சிமிட்டின.

கொசுவின் கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.