வலது ஓரம்

முயல் குதித்து விழுந்த சத்தம் முதலில் வந்தது. திரையில் முயல் அப்போதுதான் பின்னங்கால்களை மடக்கிக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீருக்குள் நகர்வதுபோல மெல்ல எழும்பி, பாதியில் நின்று, யோசித்து இறங்கியது.

"அம்மா, முயல் தூங்குது," என்றான் குட்டி.

தூங்கி எழுந்தது முயல் இல்லை, கம்ப்யூட்டர். டிவிக்குப் பின்னால் அந்தச் சின்னப் பெட்டியைப் பொருத்தியது அவள் கணவன். வீட்டையே தியேட்டர் ஆக்குகிறேன் என்று ஹாலின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் மாட்டி, வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தப் பெருமையைப் பேசித் தீர்த்தவன். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் பெட்டி தானாக ஹைபர்னேட் ஆகும்படி வைத்திருந்தான். அந்த நிமிடம் நினைவில் இருப்பதையெல்லாம் அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். எழுப்பினால் விட்ட இடத்திலேயே கண் விழிக்கும். இத்தனையும் செய்துவிட்டு வேலை என்று வெளியூர் போய்விட்டான். அவன் போன மறுநாள் அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள்.

இப்போது இடது கால் தொடைவரை மாவுக்கட்டு. சோபாவே உலகம். குட்டி தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்று காலையில் சாப்பாடு வைத்துவிட்டுப் போன தம்பி, கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்ததால் பிற்பகலிலேயே ஹால் மங்கிக் கிடந்தது. குட்டிக்கு இருந்த விளையாட்டு இரண்டுதான். ஒன்று முயல் படம், இன்னொன்று வாளித் தண்ணீர். கையை நனைத்துக்கொண்டு ஓடிவந்து டிவியில் முயலைத் தொடுவான். கண்ணாடி முழுக்க அவன் உள்ளங்கைகள் இருந்தன. துடைக்க அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

மவுஸை மடியில் வைத்து நகர்த்திப் பார்த்தாள். அம்புக்குறி இடது ஓரத்தில் முட்டி நின்றது. வலது ஓரத்தில் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. திரும்ப இழுத்தபோது நெடுந்தூரம் போய்விட்டு வருவதுபோல நேரம் எடுத்துக்கொண்டு வந்தது.

டிவிக்கு வலப்பக்கம் வெறும் சுவர். அதற்கு அப்பால் அறை கிடையாது, சந்துதான்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்; பாதி வைத்தியம் போனிலேயே பார்த்துவிடுவான். திரையில் படம் வரையும் மென்பொருளை, கிராபிக்ஸ் டிரைவரை, நீக்கச் சொன்னான், நீக்கினாள். திரும்பப் போடச் சொன்னான், போட்டாள். முயல் இன்னும் மெதுவானது.

"அக்கா, டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல எத்தனை ஸ்க்ரீன் காட்டுது?"

"ரெண்டு."

"மாமா இன்னொரு டிவி வாங்கி ஒளிச்சு வெச்சிருக்காரோ?" என்று சிரித்தான். ஹைபர்னேட்டிலிருந்து எழும்போது சில பெட்டிகளுக்கு இந்தக் குழப்பம் வருமாம். இல்லாத திரையை இருப்பதாக நம்பி, அதற்கும் சேர்த்துப் படம் வரைந்து கொட்டுமாம். அதனால்தான் மூச்சு வாங்குகிறதாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் இரண்டு திரையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், பார் என்றான்.

பக்கத்தில் இருந்த கீபோர்டில் அதற்கான பொத்தானை அழுத்தி எடுத்தாள். இடது பாதியில் முயல். வலது பாதியில் சாம்பல் நிறத்தில் ஒரு கூடம், மரச்சாமான் எதுவும் இல்லாமல். தூரத்து மூலையில் இருட்டு கொஞ்சம் கூடுதலாகத் திரண்டிருந்தது. ஏதோ பின்னணிப் படம் என்று அவள் நினைத்தாள், அல்லது அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

"நீ எதையும் தொடாதே, நானே வரேன். மெயினை இறக்கி ஏத்தினா நினைவுல இருக்கிற குப்பையெல்லாம் அழிஞ்சிடும்."

எந்தப் பெட்டியானாலும் அவன் முதல் வேலை அதுதான். மெயின் சுவிட்ச் வாசலுக்கு வெளியே இருக்கிறது. செருப்பைக் கழற்றுமுன்பே இறக்கிவிடுவான். அவள் போனை வைத்துவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல், முயல் படம் ஓடிய விண்டோவை மவுஸால் பிடித்துக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாள். பிடி நழுவியது. முயல் வலது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

பாட்டு மட்டும் வலது மூலை ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"அம்மா, முயல் அந்தப் பக்கம் போயிடுச்சு."

"இரு, கூப்பிடுறேன்," என்று குனிந்து மவுஸைத் தேய்த்தாள். ஈரப் பாதங்கள் தரையில் தட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் போவது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நிமிர்ந்தாள். டிவி இருந்தது. சுவர் இருந்தது.

"குட்டி?"

ஒளிந்து விளையாடுகிறான். வேறென்ன. கதவு பூட்டியிருக்கிறது, எங்கே போவான்? இரண்டாம் முறை கூப்பிட்டபோது குரல் ஏறியது. மூன்றாம் முறை அவளுக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை. அப்போது அவன் சிரித்தான். வலது மூலை ஸ்பீக்கரில். அவனுடைய சிரிப்புதான், ஆனால் மெதுவாக, இழுத்து இழுத்து.

 விரல் தானாக ஸ்க்ரீன்ஷாட் பொத்தானை அழுத்தியது.

இடது பாதி வெறுமை. வலது பாதியில் சாம்பல் கூடம். தரையில் சம்மணம் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் முயல். மூலையில் இருந்த இருட்டு இப்போது மூலையில் இல்லை.

சோபாவில் கையை ஊன்றி எழப் பார்த்தாள். கட்டுப் போட்ட கால் இரும்பாய் இழுத்தது. கீழே விழுந்தால் மவுஸை எட்ட முடியாது. மவுஸ் நின்றால் பெட்டி தூங்கிவிடும். உள்ளே இருப்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு தூங்கிவிடும். வலது கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே இடது கையால் தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கவே மாட்டான், சமர்த்து.

மறுபடி பொத்தான். அந்த இருட்டுக்கு முழங்கால்கள் இருந்தன. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நீளமான கை ஒன்று அவன் உச்சந்தலையில்.

"குட்டி, அம்மாகிட்ட வா. படம் போதும்டா கண்ணா."

அவள் சொன்னது அங்கே போய்ச் சேர நேரமாகும். அது அவளுக்குப் புரிந்தது. காத்திருந்தாள். மவுஸை ஆட்டினாள். காத்திருந்தாள்.

பாட்டு நின்றது. "அம்... மா..." என்றது ஸ்பீக்கர்.

பொத்தான். அவன் எழுந்து திரும்பியிருந்தான். வாய் திறந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, கண்ணாடியில் வைப்பதுபோல வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அந்தக் கை இப்போது அவன் தோளில்.

வருகிறான். வந்துகொண்டிருக்கிறான். மெதுவாக.

வாசலில் வண்டிச் சத்தம்.

"தொடாதே!" என்று கத்தினாள். "மெயினைத் தொடாதேடா! குட்டி உள்ள இருக்கான்!"

சடக்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. டிவி கறுத்தது. ஸ்பீக்கரில் பாதிச் சொல் அறுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சடக் என்று கேட்டது. பூட்டைத் திறந்துகொண்டு தம்பி உள்ளே வந்தான். குட்டி உள்ளே இல்லாமல் வேறெங்கே இருப்பான், அதற்கு ஏன் இந்தக் கத்தல் என்று கேட்டுக்கொண்டே பெட்டியைப் போட்டான். உடனே எழுந்தது. அவள் மடியிலிருந்து மவுஸை எடுத்து நகர்த்தினான். அம்புக்குறி சரசரவென்று ஓடி, வலது ஓரத்தில் முட்டி நின்றது. படத்தைப் போட்டதும் முயல் துள்ளித் துள்ளிக் குதித்தது, சத்தமும் காலும் ஒன்றாக.

"பார்த்தியா அக்கா? ஒரே ஸ்க்ரீன். எல்லாம் சுத்தமாயிடுச்சு." சுற்றிலும் பார்த்தான். "எங்க அவன்?"

அவள் டிவிக்கு வலப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, குட்டியின் உயரத்தில், சுண்ணாம்புக்கு உள்ளிருந்து ஊறி வந்ததுபோல இரண்டு சின்ன ஈர உள்ளங்கைகள் விரல் விரித்துப் பதிந்திருந்தன. சோபாவிலிருந்து கை நீட்டினால் எட்டாது. காற்று பட்டு அவை காய்ந்துகொண்டிருந்தன. முதலில் சுண்டுவிரல்கள் மறைந்தன.